பெட்டி ஒருவர், பொறி ஒருவர்

ஐரோப்பியப் பாணியில் அமைந்த பழைய மாளிகைகளின் கூடத்தில், சுவரை ஒட்டி ஆறடி ஏழடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் மரப்பெட்டிக் கடிகாரத்தைக் காண்கிறவர்கள், அந்த உயரம் ஆடம்பரத்தின்பொருட்டு ஏற்பட்டது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் அதன் உயரத்தை நிர்ணயித்தது பூமியின் ஆகர்ஷண சக்தி. ஓர் ஊசல் இப்பக்கமிருந்து அப்பக்கம் செல்வதற்குச் சரியாக ஒரு விநாடி ஆகவேண்டுமானால் அதன் நீளம் ஏறக்குறைய 39 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் குறைவாக, இருந்தே தீரவேண்டும். அந்த ஊசலை உள்ளே தொங்கவிட்டு, எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் போதும் என்னும் அளவுக்கு எடைக்குண்டுகள் மெல்ல மெல்ல இறங்குவதற்கு இடமும் விட்டு, இவற்றுக்கெல்லாம் மேலே பொறியையும் முகப்பையும் ஏற்றிவைத்தால், பெட்டி தானாகவே மனித உயரத்தைக் கடந்துவிடுகிறது.

நிலைக் கடிகாரம் என்றும் தாத்தா கடிகாரம் என்றும் நாம் வழங்கும் இந்தச் சாதனத்தைப் பாகம் பாகமாகத் தருவித்து, வீட்டிலேயே பூட்டி நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெரிதும் பரவிற்று. ‘கிட்’ என்று அந்நாட்டார் சொல்லும் அந்தப் பாகத் தொகுதியைப் பழம்பொருள் ரசிகர்கள் பலர் மதிப்பதில்லை. யாரோ அறுத்த பலகையில் யாரோ செய்த பொறியைப் பூட்டுவது கைத்தொழில் ஆகாது என்பது அவர்களுடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நிலைக் கடிகாரத்தின் முந்நூறு ஆண்டுச் சரித்திரத்தை ஊன்றிப் பார்க்குங்கால், பொறி ஓரிடத்தில் பிறந்து, பெட்டி வேறோரிடத்தில் உருவாகி, இரண்டும் வாங்கியவன் வீட்டில் வந்து சேர்வதே அதன் புராதன சம்பிரதாயமாக இருந்தது என்பது தெளிவாகிறது.

ஊசல் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் இருந்த கடிகாரங்களில், இரு முனைகளிலும் சிறு எடைகளைத் தாங்கிய ஒரு குறுக்குக் கம்பி முன்னும் பின்னுமாகத் திரும்பிப் பற்சக்கரத்தின் வேகத்தைத் தடுத்து நிறுத்திற்று. நாளொன்றுக்குக் கால்மணி நேரம் முந்துவதும் பிந்துவதும் அவற்றுக்குச் சகஜம். ஆதலால் நிமிஷ முள் என்பதற்கே அவற்றில் பெரும்பாலும் அவசியம் நேரவில்லை. ஊசலின் ஆட்டத்தில் உள்ள ஒழுங்கை இளமையிலேயே கவனித்திருந்த கலிலியோ, கண்பார்வை முற்றிலும் போய்விட்ட முதுமையில், 1641-ஆம் ஆண்டில், அதைக் கடிகாரத்தோடு இணைக்கும் யுக்தியைத் தம் குமாரர் வின்சென்சியோவுக்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டே அவர் காலமாகிவிட, 1649-இல் குமாரரும் மரணமடைய, அந்தப் பிரயத்தனம் நிறைவேறாமலே நின்றது. கலிலியோ அந்த யுக்தியை உரைத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே எண்ணத்தைத் தம் சொந்த ஆராய்ச்சியினால் எட்டியவர் ஹாலந்து தேசத்துக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1656-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வகுத்த முறைப்படி கடிகாரம் செய்து விற்கும் உரிமையை மறு ஆண்டில் ஹேக் நகரத்துக் கடிகாரத் தச்சர் சாலமன் கோஸ்டர் பெற்றார். கால்மணி நேரமாக இருந்த பிழை கால் நிமிஷமாகச் சுருங்கிற்று. கணித மேதை ஒருவர் கருத்தில் உதித்ததைக் கைவினைஞர் ஒருவர் பித்தளையில் வடித்தார் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிகாரத்தின் கதை ஆரம்பத்திலேயே இருவர் கை கோத்த கதையாகத்தான் தொடங்குகிறது.

லண்டனில் இருந்த ஃப்ரொமன்டீல் என்னும் கடிகாரக் குடும்பத்தினர், தம் வீட்டு இளைஞன் ஒருவனை 1657 செப்டம்பரில் கோஸ்டரின் பட்டறைக்கு அனுப்பி ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். மறு ஆண்டிலேயே ஊசல் கடிகாரங்கள் தம்மிடம் கிடைக்கும் என்று லண்டன் பத்திரிகையில் அக்குடும்பம் விளம்பரம் செய்துவிட்டது. தொழில் ரகசியம் கடல் கடந்து செல்வதற்கு இவ்வளவு குறுகிய காலமே பிடித்தது என்பது அக்காலத்துக்கு ஆச்சரியமான விஷயம்.

ஆனால் அந்த முதற்கடிகாரங்களின் ஊசல் குட்டையானது. பெரிய வீச்சில் இருபுறமும் பாய்ந்து ஆடியது. வீச்சு அகலமாக இருக்கும்வரை நீண்ட ஊசலை ஒரு பெட்டிக்குள் அடைக்க வழியில்லை. 1670-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் கப்பலின் நங்கூரத்தைப் போன்ற உருவமுடைய ஒரு தடுப்பு உறுப்பு தோன்றிற்று. நங்கூரத்தின் இரு கொக்கிகளும் மாறி மாறிப் பற்சக்கரத்தில் இறங்கி, ஊசலின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பல்லை விட்டு அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். விடும்போது ஊசலுக்குச் சிறிது உந்துதலும் கொடுக்கும். இதற்குச் சில பாகை வீச்சே போதும். இதைக் கண்டவர் ராபர்ட் ஹூக்கா, வில்லியம் கிளெமெண்டா, ஜோசஃப் நிப்பா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்காக 1671-இல் கிளெமெண்ட் செய்த கோபுரக் கடிகாரம் மட்டும் சாட்சியாக இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டவர் எவராயினும், விநாடி ஊசல் ஒரு சாண் அகலமே உள்ள மரக்கூட்டுக்குள் அடங்கி ஆடுவதற்கு வழி பிறந்தது. அதுவரையில் எடைகளைத் தூசியிலிருந்தும் குழந்தைகளின் கையிலிருந்தும் காப்பதற்கு மட்டும் பயன்பட்ட பெட்டி, அன்று முதல் ஊசலின் வாசஸ்தலமாகவும் ஆயிற்று.

ஊசலின் நீளத்தைப் பற்றிய ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1672-இல் பிரெஞ்சு வானசாஸ்திரி ழான் ரிஷே, பாரிஸில் சரிபார்த்த கடிகாரத்தைத் தென்னமெரிக்காவின் கரையிலுள்ள கயேன் என்னுமிடத்துக்குக் கொண்டுசென்றபோது, அது நாள்தோறும் இரண்டரை நிமிஷம் பிந்தியது; ஊசலை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைத்த பிறகே சரியாயிற்று. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஆகர்ஷணம் குறைகிறது, பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்னும் மகத்தான உண்மைக்கு அந்தப் பிந்துதலே ஒரு பிரமாணமாயிற்று. நம் சென்னைப் பட்டினமும் இந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டது. சென்னை வானாய்வு நிலையத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல் விநாடி ஊசலின் நீளத்தை அளந்து, லண்டனில் 39.139 அங்குலமாக இருக்கும் அது சென்னையில் 39.026 அங்குலமே என்று கண்டார். லண்டனில் துல்லியமாக ஓடிய நிலைக் கடிகாரம், வேறு எந்தக் குறையும் இல்லாமலே, சென்னைக்கு வந்தால் நாளொன்றுக்கு இரண்டு நிமிஷம் பின்தங்கிப்போகும் என்பது இதன் பொருள். கேப்டன் குக்கின் கடற்பயணத்தில் சுக்கிரனின் சூரியக் கடப்பைக் காண்பதற்குக் கடிகாரம் செய்து கொடுத்த ஜான் ஷெல்டனின் கைவேலையாகிய ஒரு கடிகாரம் சென்னை நிலையத்தில் இருந்து, பிற்பாடு கொடைக்கானலுக்குச் சென்றது. கடலோரத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறிய அந்தக் கடிகாரத்துக்கும் ஊசலின் நீளத்தை மீண்டும் திருத்தியே இருக்கவேண்டும்.

இனித் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். தாமஸ் டாம்பியன், அவருடைய சிஷ்யர் ஜார்ஜ் கிரஹாம் ஆகிய மேதைகளின் புகழ் எவரும் அறிந்தது. கிரீனிச் வானாய்வு நிலையத்துக்கு 1676-இல் பதின்மூன்றடி ஊசலோடு ஆண்டுக்கொருமுறை சாவி கொடுக்கும் இரட்டைக் கடிகாரங்களை டாம்பியன் செய்தளித்ததும், குருவும் சிஷ்யரும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஒரே சமாதியில் துயில்வதும் நூல்களில் விரிவாக உள்ளன. என் கவனத்தைக் கவர்வது அவர்களைச் சுற்றியிருந்த பெயரற்ற ஜனங்களே. முகப்பில் ‘இன்னார், லண்டன்’ என்று பொறித்திருந்தால், அந்த இன்னாரே ஆணிமுதல் மணிவரை அனைத்தையும் சிருஷ்டித்தார் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். வாஸ்தவத்தில் மணியை வார்த்தவர் ஒருவர். எஃகுச் சுருளை அடித்தவர் ஒருவர். முகப்பில் எழுத்து வெட்டியவர் ஒருவர். முள்ளை அறுத்தவர் ஒருவர். பெட்டியோ முற்றிலும் வேறொரு ஜாதித் தொழிலாளியாகிய மரவேலைக்காரருடையது. அவர் பெயர் எந்த இடத்திலும் காணப்படாது. கருங்காலி ஒட்டுப் பலகையும், பூ வேலையுள்ள வால்நட் பலகையும், பின்னாளில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மகோகனியும் கொண்டு அற்புதமான பெட்டிகளைச் செய்த அந்தக் கைகள் யாருடையவை என்று அறிய இன்று வழியில்லை. முகப்பில் பெயரைப் பொறித்துக்கொண்டவர், பலருடைய உழைப்பை ஒன்றுதிரட்டி, சரிபார்த்து, ஓடவைத்து, அதற்குத் தாம் பொறுப்பு என்று ஒப்பமிட்டவர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பங்கீடு இன்னும் விரிவடைந்தது. லங்காஷயரின் பிரெஸ்காட் பக்கத்துக் குடிசைகளில் அரமும் பற்சக்கரமும் கரடாகச் செய்யப்பட்டு, மூட்டை மூட்டையாக நாடெங்கும் உள்ள சிற்றூர்க் கடிகாரக்காரர்களுக்குச் சென்றன. பர்மிங்ஹாமில் ஆஸ்போர்ன், வில்சன் என்னும் இருவர் 1772-இல் வெள்ளை மெருகு பூசிப் பூவும் பறவையும் தீட்டிய இரும்பு முகப்புகளை விற்கத் தொடங்கினர். அவர்களுடைய முகப்புக்கும் பொறிக்கும் இடையே ஒரு வார்ப்பிரும்புத் தகடு வந்தது. எந்த முகப்பையும் எந்தப் பொறியோடும் சிரமமின்றிப் பொருத்திக்கொள்வதற்காகவே அமைந்தது அது. பற்சக்கரம் பிரெஸ்காட்டிலிருந்தும், முகப்பு பர்மிங்ஹாமிலிருந்தும், பெட்டி அடுத்த தெருத் தச்சரிடமிருந்தும் வர, இவற்றை அராவி, மெருகிட்டு, ஒன்றோடொன்று இசையச் செய்து, தம் பெயரைத் தீட்டுவித்துக் குடியானவருக்கு விற்ற கிராமத்துக் கடிகாரக்காரரை, கிட் வாங்கிப் பூட்டிய முதல் தலைமுறையினர் என்று நான் சொன்னால் அது மிகையாகாது. அவரை ஒருவரும் போலி என்று இகழ்ந்ததில்லை. துறைமுகப் பட்டினத்தில் இருந்தவர் முகப்பின் வளைவில் சந்திரனின் வளர்பிறை தேய்பிறையோடு கடல் ஏற்றத்தின் நேரத்தையும் காட்டுமாறு அமைத்துக் கொடுத்தார். ஊர் அறிந்து, வாங்குபவன் தேவை அறிந்து கூட்டிய அந்தக் கூட்டலிலேதான் அவருடைய கலை இருந்தது.

இந்தப் பொதுவிதிக்கு மாறாக, பெட்டியும் பொறியும் ஒரே கையில் பிறந்த ஒரு விசேஷ உதாரணத்தையும் சொல்லவேண்டும். யார்க்‌ஷயரில் 1693-இல் தச்சர் வீட்டில் பிறந்து, ஹம்பர் நதிக்கரையிலுள்ள பாரோ கிராமத்தில் வளர்ந்த ஜான் ஹாரிசன், எந்தக் கடிகாரக்காரரிடமும் தொழில் பயிலாமல், 1713-இல், தம் இருபதாம் வயதில், ஏறக்குறைய முழுவதும் மரத்தாலேயே ஒரு நிலைக் கடிகாரத்தைச் செய்து முடித்தார். பற்சக்கரத்தை ஒரே பலகையில் அறுத்தால் மரத்தின் இழை குறுக்கே ஓடும் இடங்களில் பற்கள் ஒடிந்துபோகும் என்பதைத் தச்சன் மகனாகிய அவர் நன்கு அறிவார். ஆகையால் ஓக் மரச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிக் காடி வெட்டி, இழை எப்போதும் வெளிநோக்கி ஓடும்படி பற்களைத் துண்டு துண்டாகப் பதித்தார். இயற்கையாகவே எண்ணெய்ப் பசையுள்ள லிக்னம் வைட்டே என்னும் கடின மரத்தில் அச்சு உருளும் குழைகளைச் செய்து, உயவெண்ணெயின் தேவையையே நீக்கினார். பிராக்லஸ்பி மாளிகைத் தொழுவத்தின் கோபுரத்தில் 1722-ஐ ஒட்டி அவர் அமைத்த மரக் கடிகாரம் இன்னமும் ஓடுகிறது. வெயிலில் ஊசல் நீள்வதையும் குளிரில் சுருங்குவதையும் அவர் வென்ற விதமும் நேர்த்தியானது: எஃகைவிடப் பித்தளை மிகுதியாக விரியும் என்பதைக்கொண்டு, இரண்டிலும் மாறி மாறி ஒன்பது கம்பிகளைக் கிராதிபோல் நிறுத்தி, ஒன்றின் விரிவை மற்றொன்று ஈடுசெய்யுமாறு பிணைத்தார். கடலில் தீர்க்கரேகையைக் கண்டறியும் கடிகாரத்துக்காக உலகம் அவரைப் போற்றுகிறது. எனக்கோ, பாரோ கிராமத்தில் உளியும் இழைப்புளியும் ஏந்தி நின்ற இருபது வயது இளைஞரே பெரியவராகத் தோன்றுகிறார். தச்சுத்தொழில் தெரிந்த ஒருவனுக்குக் கடிகாரம் அந்நியமானதன்று என்பதை அவரைப்போல் நிலைநாட்டியவர் எவருமில்லை.

இங்கிலாந்துக்கு அப்பால், பெட்டியின்றிப் பொறியை மட்டும் விற்பதே முறையாக இருந்த தேசங்களும் உண்டு. பிரான்சின் கிழக்கெல்லையில் ஜுரா மலைச்சாரலிலுள்ள மோர்பியே, மோரே என்னும் ஊர்களில், பனிக்காலம் முழுவதும் குடியானவர்கள் இரும்புக் கூட்டுக்குள் கடிகாரப் பொறிகளைச் செய்தார்கள். வெயில்காலத்தில் நாடோடி வியாபாரிகள் அவற்றை ஊர் ஊராகச் சுமந்து சென்றார்கள். வாங்கியவர் தம் ஊர்த் தச்சரிடம் தம் நாட்டுப் பாணியில் பெட்டி செய்துகொண்டார். மணியை ஒருமுறை அடித்து, எண்ணத் தவறியவர்களுக்காக இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அடிக்கும் வழக்கமுடைய கடிகாரங்கள் அவை. வயலில் நிற்பவனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்! ஸ்வீடனில் டாலர்னா பிரதேசத்து மோரா என்னுமிடத்திலும் இதே கதை. விளைச்சல் போதாத அந்தப் பூமியில், குடும்பத்துக்கு ஒரு பாகமாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒரு வீட்டார் சக்கரமும், மற்றொரு வீட்டார் முகப்பும், வேறொரு வீட்டார் எடையுமாகச் செய்தனர். பெட்டியை வாங்குபவர் தம் விருப்பப்படி செய்து வர்ணம் தீட்டிக்கொண்டார். நடுப்பகுதி பருத்த அந்த மோராக் கடிகாரங்கள் இரண்டு ஒரே மாதிரியாகக் கிடைப்பது அரிது என்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே குடியேறிய கடிகாரக்காரர்களுக்குப் பித்தளை கிடைப்பது துர்லபம். மரமோ எல்லையற்றுக் கிடந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் எலை டெரி என்பவர், குதிரைமேல் ஏறி ஊர் ஊராகச் சென்று மரப்பொறிக் கடிகாரம் விற்றுவந்தவர், 1806-இல் போர்ட்டர் என்னும் பெயருடைய இரு வியாபாரிகளோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்: பொறி ஒன்றுக்கு 4 டாலர் வீதம், மூன்று ஆண்டுகளில் 4,000 மரப்பொறிகள் செய்து தரவேண்டும். ஒரு கடிகாரக்காரர் வாழ்நாள் முழுவதும் சில நூறு கடிகாரங்களைச் செய்தாலே பெரிது என்றிருந்த காலத்தில் இந்த எண்ணிக்கையைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். டெரி முதல் ஆண்டில் ஒரு கடிகாரத்தையும் விற்பனைக்கு விடாமல், நீரோட்டத்தால் சுழலும் ரம்பங்களையும் பல் வெட்டும் இயந்திரங்களையும் அமைப்பதிலேயே செலவிட்டார். செர்ரி மரத்தில் சக்கரமும், ஓக் மரத்தில் தகடும் ஒரே அளவாக வந்து விழத் தொடங்கின. ஒரு பொறியின் சக்கரம் மற்றொரு பொறியிலும் அப்படியே பொருந்திற்று. சேத் தாமஸ், சைலஸ் ஹோட்லி என்னும் இரு தச்சர்கள் அவருக்குத் துணைநின்றார்கள். வாக்களித்தபடி நாலாயிரமும் முடிந்தன.

இந்தப் பொறிகள் சென்ற விதத்தைக் கவனிக்கவேண்டும். வியாபாரி தன் வண்டியில் கொண்டுசென்றது பொறி, முகப்பு, முட்கள், ஊசல், எடையிடுவதற்கான தகரக் குப்பி ஆகியவற்றையே; ஏழடிப் பெட்டியைக் கரடுமுரடான பாதையில் யார் சுமப்பார்கள்? வசதியற்ற குடும்பம் பொறியைச் சுவரில் ஆணியடித்து அப்படியே மாட்டி, ஊசலும் கயிறும் வெளியில் தொங்க ஓடவிட்டது. கையில் காசு சேர்ந்தபோது, பக்கத்துத் தச்சரைக்கொண்டோ, வீட்டுத் தலைவனே தன் தோப்பு மரத்தை அறுத்தோ, அதற்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தது. பெட்டி வருவதற்குப் பத்தாண்டு ஆன வீடும் இருந்திருக்கும். பெட்டியே வராத வீடும் இருந்திருக்கும். விதி விசித்திரமானது: இந்த டெரியே 1816-இல் உரிமை பெற்ற சிறிய தட்டுக் கடிகாரத்தினால், நிலைக் கடிகாரத்தின் ஆதிக்கத்துக்கு முடிவும் கட்டினார். அலமாரியின்மேல் வைக்கத்தக்க, மலிவான, பெட்டியோடு கிடைக்கும் கடிகாரம் கைக்கெட்டியபின், கூடத்தில் ஓர் ஆள் இடத்தை அடைத்துக்கொள்ளும் நெட்டைப் பெட்டியை எவரும் நாடவில்லை. பழையவை பரணுக்கும் தானியக் கொட்டகைக்கும் போயின.

அவை மீண்டும் கூடத்துக்கு வந்தது 1876-ஐ ஒட்டி. அமெரிக்கா தன் சுதந்திரத்தின் நூறாவது ஆண்டைப் பிலடெல்பியாவில் கொண்டாடியபோது பாட்டன் பூட்டன் காலத்துச் சாமான்களின்மேல் ஜனங்களுக்கு அபிமானம் பிறந்தது; ஹென்றி கிளே வொர்க் இயற்றிய ‘என் தாத்தாவின் கடிகாரம்’ என்னும் பாடலும் அதே ஆண்டில் வெளிவந்து வீட்டுக்கு வீடு ஒலித்தது. 1880-களில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஹாரிங்டன் உண்டாக்கிய குழாய் மணிகளை, பிராவிடென்ஸ் நகரத்து வால்ட்டர் டர்ஃபீ நிலைக் கடிகாரங்களில் அமைத்துச் செல்வர்களின் மாளிகைகளுக்கு விற்றார். கேம்பிரிட்ஜில் 1793-இல் அமைந்து, 1859 முதல் லண்டன் பார்லிமெண்டுக் கோபுரத்தில் ஒலித்துவரும் கால்மணிப் பண் அந்தக் குழாய்களின் வழியே வீட்டுக்குள் புகுந்தது. ஆனால் அந்த விலைக்குச் சாமானியக் குடும்பம் அருகில் வரமுடியாது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் நிலைமை மாறிற்று. அமெரிக்க வீடுகளின் நிலவறையிலும் கார்க் கொட்டகையிலும் மின்சார ரம்பமும் இழைப்பு இயந்திரமும் கொண்ட சிறு தச்சுப்பட்டறைகள் தோன்றின. பகலில் அலுவலகத்திலோ ஆலையிலோ வேலை செய்தவர்கள் மாலையில் மரத்தைக் கையில் எடுத்தார்கள். மாசசூசெட்ஸில் மேசன்-சல்லிவன் என்னும் வியாபாரிகள் வரைபடமும் பொறியும் பலகையும் விற்றார்கள். 1970-களில் அலபாமாவின் ஃபேர்ஹோப் என்னும் கடலோரச் சிற்றூரிலிருந்து எம்பரர் கிளாக் கம்பெனி, முக்கால் அங்குலக் கனமுள்ள அசல் கருப்பு வால்நட் பலகையில் வெட்டிய பாகங்களைத் தபாலில் ஆர்டர் செய்வோருக்கு அனுப்பி, தொழிற் சஞ்சிகைகளில் விளம்பரம் செய்தது. பொறியோ ஜெர்மனியிலிருந்து வந்தது: கோஸ்ஹைம் கிராமத்தில் 1922-இல் தொடங்கிய ஹெர்ம்லே, ஆல்டிங்கனில் 1912-இல் தொடங்கிய கீனிங்கர் முதலான ஆலைகளின் பித்தளைப் பொறிகளே பெரும்பாலான கிட்களின் உயிர். பொறி ஒரு கண்டத்திலிருந்தும் மரம் ஒரு கண்டத்திலிருந்தும் வந்தன. டெரியின் வண்டி சென்ற பாதையில் தபால் லாரி சென்றது என்பதே வித்தியாசம்.

கிட் என்றதும் வேலை ஏதும் இல்லை என்று நினைப்பவர்கள், காடி வெட்டிய பலகைகள் நாற்பது ஐம்பதைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்த ஒருவனைப் பார்த்ததில்லை போலும். பசை தடவாமலே எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கவேண்டும். சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமாக இருக்கிறதா என்று அளக்கவேண்டும். இங்கே அரை அங்குலம் கோணினால் ஆறடி உயரத்தில் கதவு மூடாது. பிறகே பசையும் பிடிக்கருவியும். மர இழை ஓடும் திசையிலேயே உப்புத்தாள் இட்டு, தூசியைத் துடைத்து, சாயமேற்றி, உலர்த்தி, மறுபடி தேய்த்து மெருகேற்றும் வேலைக்கே வாரங்கள் செல்லும்; பொறுமையில்லாதவனை அந்த மெருகு எந்நாளும் காட்டிக்கொடுத்துக்கொண்டே நிற்கும். அதன்பின் அடிப்பலகையில் பொறியைத் திருகி, சுத்தியல்கள் ஒலிக்கம்பிகளைத் தொட்டுக்கொண்டிராமல் மயிரிழை விலகி நிற்குமாறு ஒவ்வொன்றாக வளைத்து, மெல்லிய எஃகுத் தகட்டில் ஊசலை மாட்டவேண்டும். எடைகள் மூன்று: மணி அடிப்பதற்கு இடப்புறம், நேரம் ஓட்டுவதற்கு நடுவில், கால்மணிப் பண்ணுக்கு வலப்புறம். வெளியே ஒரே மாதிரியான பித்தளை உறை. உள்ளே கனம் வேறு. பெரும்பாலும் பண்ணுக்குரியதே கனமானது. இடம் மாற்றித் தொங்கவிட்டவன் பண் ஏன் பாதியில் தள்ளாடுகிறது என்று வருந்துவான். விரல்ரேகை பட்டால் பித்தளை கறுக்கும் என்பதால் பருத்தி உறையணிந்த கையால்தான் அவற்றைத் தூக்குவது வழக்கம்.

இதற்குமேல் காதின் வேலை. ஊசல் வலப்புறம் செல்லும்போதும் இடப்புறம் செல்லும்போதும் கேட்கும் இரு ஒலிகளுக்கும் இடையே உள்ள மௌனம் சமமாக இருக்கவேண்டும். நொண்டிக்கொண்டு கேட்டால் கடிகாரம் சில நிமிஷங்களில் நின்றுவிடும். ஊசலை உந்தும் கம்பியை ஒரு பக்கம் இம்மியளவு தள்ளித் தள்ளி, கண்ணை மூடிக் கேட்டுக் கேட்டு அந்தச் சமத்தைப் பிடிப்பது, தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்ற காரியம். நேரத்தைத் திருத்துவது இன்னொரு படி: ஊசற்குண்டின் கீழுள்ள மரையைத் திருகி ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தினால் நாளுக்கு 43 விநாடி பிந்தும், அவ்வளவே உயர்த்தினால் முந்தும். பித்தளைத் தண்டாக இருந்தால் பத்துப் பாகை சென்டிகிரேடு வெப்பம் ஏறும்போது நாளுக்கு எட்டு விநாடி இழக்கும். நன்றாக மெருகிட்ட மரத்தண்டு இரண்டு விநாடிகூட இழக்காது. ஹாரிசன் ஒன்பது கம்பிகளால் சாதித்ததில் ஒரு கணிசமான பங்கை ஒரு மரக்குச்சி இலவசமாகவே அளிக்கிறது.

புதிதாகப் பூட்டியவர்களைத் திகைக்கவைக்கும் வேறொரு சங்கடமும் உண்டு. ஐந்து நாள் ஒழுங்காக ஓடிய கடிகாரம், ஆறாம் நாளிலோ ஏழாம் நாளிலோ காரணமின்றி நிற்கும். சாவி கொடுத்தால் மறுபடி ஐந்து நாள் ஓடும். பொறியில் குற்றம் தேடிக் களைத்துப்போவார்கள். இறங்கிவரும் எடைகள் அந்நாளில் ஊசற்குண்டின் மட்டத்தை எட்டி, தொங்கும் நீளம் ஊசலின் நீளத்தோடு ஒத்துப்போக, பெட்டியின் கண்ணுக்குத் தெரியாத அசைவின் வழியே ஊசலின் ஆட்டத்தைத் தாமும் வாங்கிக்கொண்டு ஆடத் தொடங்குகின்றன. பலம் குன்றிய ஊசல் நின்றுவிடுகிறது. 1665-இல் நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஹைகன்ஸ், ஒரே தாங்கியில் மாட்டிய இரு கடிகாரங்களின் ஊசல்கள் சிறிது நேரத்தில் தாமாகவே ஒருங்கிசைந்து எதிரெதிராக ஆடுவதைக் கண்டு வியந்தது இதே நியதியைத்தான். பெட்டியின் முதுகை ஒரு திருகாணியால் சுவரோடு இறுக்கிவிட்டால் சங்கடம் தீர்ந்தது.

பழம்பொருள் வியாபாரிகள், பெட்டியும் பொறியும் ஆதிமுதல் ஒன்றாக இல்லாத கடிகாரத்தை ஒட்டுப்போட்டது என்று விலை குறைத்து மதிப்பிடுவார்கள். விற்பனைச் சாலையில் அந்தப் பாகுபாடு நியாயமாக இருக்கலாம். ஆனால் மோர்பியேயிலும் மோராவிலும் கனெக்டிகட்டிலும் ஒவ்வொரு கடிகாரமுமே அப்படிச் சேர்ந்ததுதான். பொறி தேய்ந்தால் வேறு பொறியும், பெட்டியைச் செல் அரித்தால் வேறு பெட்டியும் தேடிக்கொண்ட குடியானவர் அதில் களங்கம் எதையும் காணவில்லை. கிட் கடிகாரமும் அந்த வம்சத்தைச் சேர்ந்தது. ஒரு தலைமுறைக் காலம் ஓடியபின் பித்தளைத் தகட்டில் அச்சுத் துளைகள் அகன்று பொறி தளரும்போது, பின்தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, அதே வகைப் பொறியைத் தருவித்து, அடிப்பலகைத் திருகாணிகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை வைத்துப் பூட்டிவிடலாம். தந்தை இழைத்த வால்நட் பெட்டிக்குள் மகள் பொறி மாற்றிச் சாவி கொடுப்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.